உயிர் முடிவும் உற்றார் பிணக்கும்

மரணம் பெரும்பாலும் வீட்டிலேயே நிகழ்ந்துவந்த காலத்தில், உயிர் பிரியும் வேளையைக் குறித்து உற்றாருள் வழக்கு எழுதல் அரிது. நோய் முற்றும், வைத்தியர் தம்மால் இயன்றதைச் செய்தபின் ஒதுங்குவர், உறவினர் சூழ்ந்திருக்க உயிர் பிரியும். இறந்தவரின் சொத்தைக் குறித்துப் பிணங்கியோர் பலர். இறக்கும் நேரத்தைக் குறித்துப் பிணங்கியோர் இலர் எனலாம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்நிலை மாறிற்று. மரணம் எப்பொழுது நேரவேண்டும் என்பதை மனிதரே தீர்மானிக்க வேண்டிய நிலை வைத்தியசாலைகளில் தோன்றிற்று. தீர்மானிப்போர் பலராயின் கருத்தும் பலவாதல் இயல்பு. தாய் ஒன்று கூற மனைவி வேறொன்று கூறுமிடத்து யாருடைய சொல் நிற்கவேண்டும்? இவ்வினாவுக்குப் பல நாட்டு நீதிமன்றுகள் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக விடை தேடிய வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்ச்சியுட் புகுமுன் ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் வேண்டும். கருணைக் கொலை என்னும் ஒரே சொல்லால் இருவேறு செயல்களைச் சுட்டுதல் வழக்கமாகிவிட்டது. பயன்தராத வைத்தியத்தை நிறுத்தி மரணத்துக்கு வழிவிடுதல் ஒன்று. நோயாளி தாமே வேண்ட, வைத்தியர் மருந்தளித்து உயிரை முடித்தல் மற்றொன்று. முன்னையதிற் பெரும்பாலும் நோயாளி பேசமுடியாதவர். அவருக்காகப் பிறர் பேசுகின்றனர். பின்னையதில் நோயாளி தாமே பேசுகின்றார், பிறர் மறுக்கின்றனர். உற்றார் பிணக்கு இரண்டிலும் உண்டு. ஆயின் அதன் தன்மை வேறு.

யந்திரம் கொணர்ந்த வினா

1952ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டின் தலைநகராகிய கொப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாகப் பரவிற்று. மூச்சுத் தசைகள் செயலிழந்து மாண்டோர் பலர். பியோர்ன் இப்சன் என்னும் வைத்தியர், நோயாளரின் மூச்சுக்குழாயிற் துளையிட்டு அதன்வழியே காற்றைக் கையால் அழுத்திச் செலுத்தும் முறையைக் கையாண்டார். ஏறத்தாழ 1500 மருத்துவ மாணவர் முறைவைத்து இரவும் பகலும் நோயாளருக்கு மூச்சளித்தனர். மரணத்தொகை பெரிதுங் குறைந்தது. பின்னர்க் கையின் இடத்தை யந்திரம் பெற்றது; தீவிர சிகிச்சைப் பிரிவுகள் உலகெங்கும் தோன்றின.

மீண்டெழக் கூடியவரைக் காத்த அதே யந்திரம், மீளமுடியாதவரின் மூச்சையும் நிறுத்தாது வைத்தது. இதனாற் கலங்கிய வைத்தியர்கள் சமயத் தலைவர்களிடமும் வினாவினர். 1957 நவம்பர் 24ஆம் நாள் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ், மயக்கமருந்து வைத்திய நிபுணர்களுக்கு ஆற்றிய உரையில், இயல்புக்கு மிஞ்சிய வைத்திய முறைகளைக் கைக்கொள்ளும் கடப்பாடு எவருக்கும் இல்லை என்றார். குடும்பத்தவரின் உரிமையும் கடமையும், உணர்விழந்த நோயாளி வயது வந்தவராயின், அவருடைய விருப்பம் இன்னதாயிருந்திருக்கும் என்று கருதப்படுவதைப் பொறுத்தவை என்றும் அவ்வுரையிற் குறித்தார். பிற்கால நீதிமன்றுகள் சுற்றிவளைத்து வந்துசேர்ந்த கருத்து இதுவே என்பது மேல்வருவனவற்றால் விளங்கும்.

1972ஆம் ஆண்டில் ஜெனற், பிளம் என்னும் இரு வைத்திய அறிஞர் மூளைச் சேதத்தால் உண்டாகும் ஒரு நிலையை விவரித்து அதற்குப் பெயரும் இட்டனர். அந்நிலையிலுள்ளவர் கண் திறப்பார். உறக்கமும் விழிப்பும் மாறிமாறி வரும். மூச்சு தானே இயங்கும். தம்மையும் சூழலையும் அறியும் உணர்வு மட்டும் இராது. 1980ஆம் ஆண்டில், பெரிய சத்திரசிகிச்சையின்றி வயிற்றுச் சுவரிற் சிறு துளையிட்டு உணவுக் குழாய் பொருத்தும் முறை வெளியிடப்பட்டது. இவ்வாறு ஒருவர் உணர்வின்றியே பத்தும் இருபதும் ஆண்டுகள் வாழ்தல் இயல்வதாயிற்று. கண் திறந்திருக்கும் மகளைத் தாய் உயிருள்ள மகளாகவே காண்கின்றாள். கணவனோ தான் மணந்தவள் என்றோ மறைந்தாள் எனக் கருதுகின்றான். பிணக்கின் வேர் இவ்விடத்திலேயே உள்ளது.

ஒன்றுபட்ட குடும்பங்கள்

முதலில் நீதிமன்றை நாடியவை ஒற்றுமையுள்ள குடும்பங்களே. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நியூ ஜேர்சி மாநிலத்தில் 1975 ஏப்பிரில் மாதத்தில் கரன் ஆன் குவின்லன் என்னும் 21 வயது நங்கை உணர்விழந்தார். மூச்சு யந்திரத்தை நீக்குமாறு பெற்றோர் வேண்டினர், வைத்தியர் மறுத்தனர். கீழ்நீதிமன்றும் அவ்வாண்டு நவம்பரில் மறுத்தது. 1976 மார்ச் 31ஆம் நாள் அம்மாநில உயர்நீதிமன்று ஒருமுகமாக அத்தீர்ப்பை மாற்றியது. வைத்தியத்தை மறுக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு; அவர் பேசமுடியாத நிலையில் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதைத் தந்தையும் குடும்பத்தவரும் உய்த்துணர்ந்து கூறலாம் என்றது மன்று. யந்திரம் நீக்கப்பட்டது. எல்லோரும் எதிர்பார்த்ததற்கு மாறாக அந்நங்கை தாமே மூச்சுவிட்டு, 1985 யூன் 11ஆம் நாள் வரை உயிர்வாழ்ந்தார். உணவுக் குழாயை நீக்குமாறு பெற்றோர் கேட்கவில்லை.

இத்தீர்ப்பில் ஒரு குறை மறைந்திருந்தது. குடும்பம் என்பது ஒரே வாயாற் பேசும் என்னும் எடுகோளின்மேல் அது நின்றது. அவ்வெடுகோளை முதலில் அசைத்தது மிசூரி மாநிலத்து வழக்கு. 1983 ஜனவரியில் நிகழ்ந்த மோட்டார் விபத்தொன்றில் நான்சி குறூசன் என்னும் 25 வயதுப் பெண் உணர்விழந்தார். உணவுக் குழாயை நீக்குமாறு பெற்றோர் கேட்டனர். 1990 யூன் 25ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் மீயுயர் நீதிமன்று, ஐவர்க்கு நால்வர் என்னும் அளவில், மாநிலத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. நெருங்கிய உறவினரின் கருத்து நோயாளியின் கருத்தாகவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆதலின் நோயாளியின் விருப்பத்துக்குத் தெளிவான சான்று வேண்டும் என மாநிலம் விதிக்கலாம் என்பது தீர்ப்பின் சாரம். உயிரை நீட்டுவதில் நேரும் பிழையைப் பின்னர்த் திருத்தலாம். முடிப்பதில் நேரும் பிழையைத் திருத்தலாகாது என்பதும் பெரும்பான்மையோர் காட்டிய காரணம். மறுத்தெழுதிய நீதிபதி பிறெனனோ, நோயாளியின் பக்கம் நின்று நோக்கின் இருவகைப் பிழையும் திருத்தமுடியாதவையே என்றார். இரு கூற்றிலும் உண்மை உண்டு. பின்னர்த் தோழியர் சிலர் புதிய சான்று கூற, மிசூரி நீதிபதி டிசம்பரில் அனுமதியளித்தார். டிசம்பர் 26ஆம் நாள் அப்பெண் இறந்தார்.

இவ்விரு வழக்குக்கும் இடைப்பட்ட காலத்தில் உரிமையின் இருப்பிடம் மாறியதைக் கவனித்தல் வேண்டும். 1976இல் தீர்மானிப்போராக மதிக்கப்பட்ட குடும்பத்தவர், 1990இல் நோயாளியின் மனத்துக்குச் சான்று பகர்வோராயினர்.

இருபுறமும் நின்ற அன்பு

சான்று பகர்வோரே தம்முள் முரணினால் யாது செய்வது? இவ்வினா புளோரிடா மாநிலத்தில் எழுந்தது. 1990 பெப்ரவரி 25ஆம் நாள் ரெறி ஷயவோ என்னும் 26 வயதுப் பெண்ணின் இதயம் திடீரென நின்றது. இதயம் மீண்டும் இயங்கிற்று. ஆனால் பிராணவாயுவின்றி மூளை சிதைந்துவிட்டது. தொடக்கத்திற் கணவரும் பெற்றோரும் சேர்ந்தே அவரைப் பேணினர். 1993இல் அவர்களிடையே பிளவு நேர்ந்தது. 1998இல் உணவுக் குழாயை நீக்க அனுமதி வேண்டிக் கணவர் நீதிமன்றை நாடினார். இத்தகைய வாழ்வைத் தாம் விரும்பார் என மனைவி சொல்லியதுண்டு என்று அவரும் அவர் உறவினர் இருவரும் சாட்சி கூறினர். பெற்றோர் இதை மறுத்தனர். மகள் தம்மைக் கண்டு முறுவலிப்பதாகவும், அவரைத் தாமே பேணுவதாகவும் கூறினர். 2000 பெப்ரவரியில் நீதிபதி கிறியர், சான்று தெளிவானது எனக் கண்டு கணவரின் வேண்டுகோளை ஏற்றார்.

அதன்பின் நிகழ்ந்தவை அரசியல் வரலாற்றிலும் இடம்பெற்றன. 2001 ஏப்பிரிலிற் குழாய் நீக்கப்பட்டு இரண்டு நாளின்பின் மீண்டும் பொருத்தப்பட்டது. 2003 ஒக்ரோபர் 15ஆம் நாள் மீண்டும் நீக்கப்பட்டது. ஆறு நாளுள் மாநிலச் சட்டசபை இந்த ஒருவருக்காகவே ஒரு சட்டம் இயற்ற, ஆளுநர் ஜெப் புஷ்ஷின் ஆணையாற் குழாய் மீண்டும் பொருத்தப்பட்டது. 2004 செப்ரெம்பரில் மாநில உயர்நீதிமன்று அச்சட்டத்தைச் செல்லாதது எனத் தள்ளியது. 2005 மார்ச் 18ஆம் நாள் மூன்றாம் முறை குழாய் நீக்கப்பட்டபோது, கொங்கிரஸ் சபை விரைந்து கூடி ஒரு சட்டம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஜோர்ஜ் புஷ் மார்ச் 21ஆம் நாள் அதில் ஒப்பமிட்டார். கூட்டாட்சி நீதிமன்றுகள் தலையிட மறுத்தன. மார்ச் 31ஆம் நாள், 41ஆம் வயதில் அப்பெண் இறந்தார். பிரேத பரிசோதனையில் மூளையின் எடை 615 கிராம் எனக் காணப்பட்டது. அது இருக்கவேண்டிய எடையின் ஏறத்தாழப் பாதியே. வழக்கு முடிந்தும் பிணக்கு முடியவில்லை. பெற்றோர் அடக்கஞ் செய்ய விரும்பினர். கணவர் தகனஞ் செய்வித்தார்.

இவ்வழக்கில் பெற்றோரின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிடுதல் நேர்மையன்று. மகள் உணர்வற்றவளாயின் அவளுக்குத் துன்பமும் இல்லை. தாம் பேணுவதாற் பிறருக்குச் சுமையும் இல்லை. ஆகவே உயிரோடு விடுவதால் வரும் கேடு யாது என்பது அவ்வாதத்தின் உயிர்நிலை. அதற்கு விடை ஒன்றே. மனிதன் தன் உடம்பைக் குறித்துக் கொண்ட விருப்பம், அவன் உணர்விழந்தவுடன் பிறர் விருப்பத்துக்கு இரையாகிவிடுவதில்லை. பெற்றோரின் அன்பு உண்மையானது. ஆனால் அன்பின் அளவு மகளின் மனத்துக்குச் சான்றாகாது. கணவரின் அன்புக்கும் இதே விதி பொருந்தும். நீதிபதி அளந்தது அன்பையன்று, சான்றையே.

பிரான்சின் அனுபவம்

பிரான்சு நாட்டில் 2008 செப்ரெம்பர் 29ஆம் நாள் வின்சென்ற் லம்பேர் என்னும் 32 வயது இளைஞர் வீதி விபத்தில் மூளை சிதைந்தார். அவர் மனநோய்ப் பிரிவில் தாதியாகப் பணியாற்றியவர். தம் விருப்பத்தை அவர் எழுதிவைத்தாரில்லை. தமக்காகப் பேச ஒருவரை நியமித்தாருமில்லை. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பயனற்ற வைத்தியத்தை நிறுத்தும் தீர்மானம் வைத்தியருக்குரியது. அதன்முன் குடும்பத்தவரைக் கலந்தாலோசித்தல் வேண்டும். 2013 ஏப்பிரிலில் றீம்ஸ் நகர வைத்தியசாலையினர் மனைவியை மட்டும் கலந்து உணவூட்டலை நிறுத்தினர். பெற்றோர் இதை அறிந்து வழக்கிட, மே மாதத்தில் நீதிமன்று உணவூட்டலைத் தொடருமாறு பணித்தது. பெற்றோர் கூறியது சரி என்பதாலன்று, அவர்களைக் கேளாமற் செய்தது பிழை என்பதாலேயே அவ்வாணை பிறந்தது.

2014 ஜனவரியில் எல்லோரையும் கேட்டபின் வைத்தியர் அதே முடிவுக்கு வந்தனர். மனைவியும் உடன்பிறந்தாருட் பலரும் ஒரு பக்கம் நின்றனர். பெற்றோரும் உடன்பிறந்தார் இருவரும் மறுபக்கம் நின்றனர். இத்தகைய நிலையில் வாழ விரும்பேன் என அவர் சொல்லியதுண்டு என மனைவியும் ஒரு சகோதரரும் சான்று கூறினர். 2014 யூன் 24ஆம் நாள் நாட்டின் உச்ச நிருவாக நீதிமன்று வைத்தியரின் முடிவு சட்டத்துக்கு இயைந்தது என்றது. 2015 யூன் 5ஆம் நாள் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்று, பன்னிருவர்க்கு ஐவர் என்னும் அளவில் அதனை ஏற்றது. ஆயினும் வழக்குகள் தொடர்ந்தன. 2019 மே 20ஆம் நாள் நிறுத்தப்பட்ட உணவூட்டல் அன்று மாலையே பாரிசு நீதிமன்றின் ஆணையால் மீண்டும் தொடங்கிற்று. யூன் 28ஆம் நாள் அவ்வாணை தள்ளப்பட, யூலை 11ஆம் நாள் அவர் இறந்தார். விபத்து நிகழ்ந்து ஏறத்தாழப் பதினோராண்டும், முதல் முடிவு எடுக்கப்பட்டு ஆறாண்டும் கழிந்திருந்தன.

இவ்வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே 2016 பெப்ரவரி 2ஆம் நாள் பிரான்சு புதிய சட்டம் இயற்றியது. ஒருவர் முன்னரே எழுதிவைத்த விருப்பம், சில விலக்குகள் நீங்கலாக, வைத்தியரைக் கட்டுப்படுத்தும். அத்தகைய எழுத்து இல்லாதவிடத்து, அவர் தாமே நியமித்த நம்பிக்கைக்குரியவரின் சாட்சியம் மற்றெவரின் சாட்சியத்திலும் மேலானது என்பன அதன் முக்கிய விதிகள். தாய், மனைவி, மகன் என்னும் உறவுமுறை கொண்டு வரிசை வகுக்காது, நோயாளியின் தெரிவு கொண்டே வரிசை வகுத்தமை அச்சட்டத்தின் சிறப்பு.

உற்றார் என்போர் இரத்த உறவினரேயல்லர் என்பதற்கு இந்திய வரலாறு சான்றாகும். மும்பை அரச வைத்தியசாலை ஒன்றில் தாதியாயிருந்த அருணா சான்பாக் 1973 நவம்பரிற் கொடுந்தாக்குதலுக்குள்ளாகி மூளை சிதைந்தார். அவரைப் பற்றி நூலெழுதிய பிங்கி விரானி, உணவூட்டலை நிறுத்த அனுமதி வேண்டி இந்திய உச்ச நீதிமன்றை நாடினார். 2011 மார்ச் 7ஆம் நாள் அளித்த தீர்ப்பில் அம்மன்று, தக்க காவல்களோடு வைத்தியத்தை நிறுத்தல் சட்டத்துக்கு இயையும் என்று கொள்கையளவில் ஏற்றது. ஆனால் இவருக்காகப் பேசும் தகுதி, 37 ஆண்டுகளாக இவரைப் பேணிய வைத்தியசாலைத் தாதியர்க்கும் ஊழியர்க்குமே உரியது என்றது. அவர்கள் இவர் வாழவேண்டும் என்றனர். 2015 மே 18ஆம் நாள் அவர் நோயினால் இறந்தார்.

நோயாளியே பேசும்போது

இதுவரை கூறியவை நோயாளி பேசமுடியாத நிலையில் எழுந்த வழக்குகள். நெதர்லாந்தும் பெல்ஜியமும் 2002இலும், கனடா 2016இலும், நோயாளி தாமே வேண்டுமிடத்து வைத்தியர் உயிர் முடித்தற்குச் சில நிபந்தனைகளோடு சட்டத்தில் இடமளித்தன. இங்கே உற்றாரின் சம்மதம் நிபந்தனையன்று. 2020ஆம் ஆண்டிற் கனடாவின் நோவா ஸ்கோசியா மாகாணத்தில், 83 வயதுக் கணவரின் மரண வேண்டுகோளைத் தடுக்குமாறு மனைவி வழக்கிட்டார். அவர்கள் 48 ஆண்டுகள் இல்லறம் நடத்தியவர். தகுதியுடையவரா என்பதைச் சட்டம் வைத்திய மதிப்பீட்டாளரிடமே ஒப்படைத்துள்ளது. நீதிமன்று அதில் தலையிடாது எனத் தீர்ப்பாயிற்று. அம்மாதத்திலேயே கணவர் இறந்தார்.

பெல்ஜியத்து நிகழ்ச்சி இதனினும் கடினமானது. நெடுங்காலம் மனச்சோர்வு நோயால் வருந்திய 64 வயதுத் தாய் ஒருவர் 2012 ஏப்பிரில் 19ஆம் நாள் தாம் வேண்டியவாறே வைத்தியரால் உயிர் நீத்தார். அவர் மகன் மறுநாளே செய்தியறிந்தார். நோயாளி விரும்பினாலன்றி உறவினருக்கு அறிவித்தலாகாது என்பது அந்நாட்டுச் சட்டம். மகன் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றில் முறையிட்டார். 2022 ஒக்ரோபர் 4ஆம் நாள் அளித்த தீர்ப்பில், சட்டத்திலும் தாயின் தெரிவிலும் குறைகாண அம்மன்று மறுத்தது. பிள்ளைகளோடு பேசுமாறு தாயைத் தூண்ட வைத்தியர் இயன்றது செய்தனர் என்றும் கண்டது. ஆனால் நிகழ்ச்சியைப் பின்னர் ஆராய்ந்த குழுவில் உயிர் முடித்த வைத்தியரே இருந்தமையால், அவ்வாராய்வு நடுநிலையானதன்று எனத் தீர்த்தது. மகனுக்குத் தடுக்கும் உரிமை இல்லை. நிகழ்ந்தது ஒழுங்காய் நிகழ்ந்ததா என நடுநிலையாக ஆராயப்படுதற்கு உரிமை உண்டு என்பதே இதன் பொருள்.

வரலாறு காட்டும் முடிபு

இவ்வழக்குகளைத் தொகுத்து நோக்கின் ஒரு போக்குப் புலனாகும். உறவினருள் யாருக்கு உரிமை என்னும் வினாவோடு தொடங்கிய நீதிமன்றுகள், நோயாளியின் மனம் யாது என்னும் வினாவில் வந்து நின்றன. உயிர் உற்றாரின் சொத்தன்று. அவர்கள் அதன் உரிமையாளரல்லர், அதனை உடையவரின் மனத்துக்குச் சாட்சிகளே. சாட்சி என்பது சிறிய பதவியன்று. தன் அச்சத்தையும் துயரையும் சமயக் கொள்கையையும் ஒதுக்கிவைத்து, வேறொருவர் மனத்தை உள்ளபடி உரைத்தல் எளிதான செயலுமன்று. ஆயினும் வழக்கில் நின்ற பெற்றோரிடமும் கணவரிடமும் மனைவியிடமும் உலகம் வேண்டிநின்றது அதனையே.

இப்போக்கிற்கு ஓர் எல்லையும் உண்டு. உற்றாருக்குத் தடுக்கும் அதிகாரம் இல்லை என்பதால், அவர்களைக் கேட்கவேண்டியதில்லை என்பது பெறப்படாது. றீம்ஸ் நகரிற் பெற்றோரைக் கேளாது எடுத்த ஒரு முடிவின் பின் ஆறாண்டு வழக்கு நடந்தது. கேட்டிருந்தால் அவர்கள் உடன்பட்டிருப்பர் எனக் கூறமுடியாது. ஆனால் கேட்கப்பட்டோர் கொள்ளும் துயரும், கேட்கப்படாதோர் கொள்ளும் சினமும் ஒரு தன்மையனவல்ல. இறப்பவருக்கு ஒரு மரணமே. இருப்போர் அதனோடு பல்லாண்டு வாழ்தல் வேண்டும்.

நீதிமன்று வழக்கைத் தீர்க்கும். குடும்பத்தை ஒன்றுசேர்க்க அதனால் இயலாது. புளோரிடாவிலும் பிரான்சிலும் வென்றவரும் தோற்றவரும் ஒரே உயிரை இழந்தவரே. அவ்விரு நாட்டிலும் நோய்வாய்ப்பட்டவர் இளவயதினர். எழுதிவைக்கப்பட்ட விருப்பம் ஒரு வரியேனும் இருந்திருப்பின், பல்லாண்டு வழக்குக்கு அடிப்படையே இராது. மரணத்தைப் பற்றி வீட்டிற் பேசுதல் அபசகுனம் எனக் கருதும் வழக்கம் பல சமுதாயங்களில் உண்டு. அவ்வாய்வாளாமையின் விலையைச் செலுத்துவோர் இறப்பவரல்லர்; பிற்காலத்தில் அவருக்காகப் பேசவேண்டியவராகும் தாயும் தாரமும் மக்களுமே. உடல்நலமும் தெளிந்த அறிவும் உள்ள காலத்தில், தம் விருப்பத்தைத் தம்மவர் எல்லோரும் ஒருங்கு கேட்கச் சொல்லி, எழுதியும் வைத்தல், ஒருவர் தம் குடும்பத்துக்கு ஆற்றக்கூடிய கடமைகளுள் ஒன்று என்பதை இவ்வரலாறு கற்பிக்கின்றது.